ஷினோன் கோட்டையும் நாற்பத்திரண்டு நிமிடமும்

இதற்கு முன் இந்தப் பக்கத்தில் காஸ்பே, தடூசாக், கியூபெக் நகரம் என்று மொன்ட்ரியாலிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். கடல் தாண்டி எழுதுவது இதுதான் முதல் தடவை. மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளர்களைக் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வேலை எனக்கு. இருபத்தாறு வருடமாகத் தள்ளுகிறேன். இந்த செப்டெம்பரில் ஒன்பது நாள் லீவு சேர்ந்து கிடைத்தது. பிரான்சில் ஷினோன் என்ற ஆற்றங்கரை ஊருக்கும் அங்கே மலைமேல் இருக்கும் பழைய கோட்டைக்கும் போய்வந்தேன்.

நம் ஆட்கள் பிரான்சுக்குப் போவதென்றால் ஒன்று கல்யாணவீடு, இல்லாவிட்டால் செத்தவீடு. போனால் பாரிஸில் நம் ஆட்களின் கடைகள் இருக்கும் லா சப்பல் தெருவைத் தாண்டமாட்டோம். வேலையிடத்தில் இருக்கும் நம் பெடியன் ஒருவன், "என்ன அண்ணை திடீரெண்டு, ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டான். கோட்டை பார்க்கப் போகிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் நம்பாததில் பிழையில்லை.

வாசிப்பவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகள் அபிராமி அந்தக் கோட்டையில் வழிகாட்டியாக வேலை செய்கிறாள். அவளும் நானும் பேசி இரண்டு வருடம். அவளைப் பார்க்கத்தான் போனேன். கோட்டை ஒரு சாட்டு.

பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்கக்கூட நாங்கள் நேரில் பேசிப் பழகவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் வீட்டில் நான் சொல்வதை மனைவி மகளிடம் சொல்வாள், மகள் சொல்வதை என்னிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடும்போதும் "அவளை வேளைக்கு வரச்சொல்லு" என்று மனைவியைப் பார்த்துத்தான் சொல்வேன். பல வீடுகளில் இப்படித்தான், எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. நான் கோபத்தில் நாலு சொன்னால் மனைவி அதில் ஒன்றைத்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பாள், அதையும் இனிப்புத் தடவித்தான். நான்கு வருடத்துக்கு முன் அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் சொன்னபடியே போய்ச் சேர்ந்தது.

அபிராமி மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வரலாறு படித்தாள். மேற்படிப்புக்குப் பிரான்சில் தூர் என்ற நகரத்துக்குப் போனாள். ஒருநாள் தொலைபேசியில் ஷினோன் கோட்டையில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். "கோட்டை காட்டவோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனான்?" என்று கேட்டேன். சரி அப்பா என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் பிறந்தநாளுக்கு இரண்டு முறை பிரெஞ்சில் வாழ்த்து வந்தது. இரண்டு முறையும் கட்டைவிரல் படம் அனுப்பினேன்.

நான் வருவதை அவளுக்கு அறிவிக்கவில்லை. மொன்ட்ரியாலில் நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சொல்லிவிட்டா போகிறோம்? ஒரு பையில் ஏதாவது கொண்டுபோய்க் கதவில் தட்டுவோம், திறப்பார்கள், தேத்தண்ணி வரும். முதலே சொல்லிவிட்டுப் போவது, "வரவேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வசதி செய்து கொடுப்பது போல. அப்படித்தான் நினைத்தேன். பெட்டியில் ஒரு கிலோ வறுத்த மிளகாய்த்தூளை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். ஞாயிறு இரவு விமானம், போகவர 814 டொலர். ஏறக்குறைய ஏழு மணி நேரம். திங்கள் காலை பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கி, மொன்பர்னாஸ் ரயில் நிலையத்துக்குப் போக ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. அங்கிருந்து தூருக்கு அதிவேக ரயில், ஒன்றேகால் மணி நேரம், 29 யூரோ. ஒரு மாதத்துக்கு முன் எடுத்ததால் அந்த விலை. தூரில் இறங்கிச் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். அங்கிருந்து ஷினோனுக்கு ஐம்பது நிமிடம், 10 யூரோ 80 சதம். சின்ன ரயிலில் இரண்டே பெட்டிகள். வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். என் பெட்டியில் என்னையும் சைக்கிளோடு வந்த ஒரு கிழவரையும் தவிர ஒருவரும் இல்லை.

தூரில் மாறும்போது எனக்கு அங்கே முப்பது நிமிடம் இருந்தது. அவள் குடியிருப்பது அந்த நகரத்தில்தான். பிளாட்ஃபோமில் போகும் வரும் பெண் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். தலைமயிர் கறுப்பாக இருந்தால் திரும்பவும் ஒருமுறை பார்த்தேன். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு சின்ன ரயிலுக்குப் போனேன்.

ஷினோன் நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு நடந்தே போகலாம், இருபது நிமிடம். ஒரு பக்கம் வியென் ஆறு, மறுபக்கம் மலை, நடுவில் நெருக்கிப் பிடித்த கல்வீடுகள். மலை முழுக்கக் கோட்டை நீண்டு கிடக்கிறது. ஒரே கோட்டை என்று சொன்னாலும் உள்ளே மூன்று பகுதி, இடையில் அகழிகள். எனக்கு அறை கிடைத்த விடுதி ஆற்றுக்கு ஒரு தெரு தள்ளி, ஒரு இரவுக்கு 64 யூரோ, மூன்று இரவு. காலைச் சாப்பாடு தனி, 9 யூரோ, அது வேண்டாம். பக்கத்தில் வெதுப்பகம் இருக்கிறது.

கவனியுங்கள், நான் போன திங்கட்கிழமை ஊரில் பாதிச் சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருந்தன. திறந்திருந்த ஒன்றில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒரு ஆள் என்றேன். கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசையைக் காட்டினார்கள். வேண்டாம் என்று வெளியே வந்து, நீளப் பாணும் ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸும் வாங்கி ஆற்றங்கரைப் படியில் இருந்து சாப்பிட்டேன். வெள்ளை மணல்திட்டுகளும் தட்டையான மரப்படகுகளும் வெயில் சாயும் நேரத்தில் நல்ல அழகு. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. படம் எடுத்தேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. அறைக்குத் திரும்பினேன்.

செவ்வாய் காலை. கோட்டைக்கு ஏற ஊருக்குள்ளே இலவச லிஃப்ட் ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் நான் கல்லுப் பாவிய செங்குத்து ஒழுங்கையால் ஏறி, மேலே போய்ச் சேரும்போது கொல்லன் துருத்தி மாதிரி மூச்சு வாங்கினேன். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் விசாரித்து லிஃப்டையே பிடியுங்கள்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். பெரியவர் ஒருவர் என்றேன். "சலுகை ஏதாவது உண்டா? மாணவர், பணியாளர் குடும்பம்?" என்று கேட்டாள். என் பிரெஞ்சு கியூபெக் பிரெஞ்சு, அதனால் அவள் முகத்தில் சின்னச் சிரிப்பு வேறு. ஒரு கணம் யோசித்தேன். இல்லை என்றேன். 12 யூரோ 50. வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது அதற்குள் அடக்கம் என்றும், அடுத்தது பத்தரைக்கு, அபி கூட்டிப்போவாள் என்றும் சொன்னாள். எங்கள் வீட்டில் அவளை அபி என்று கூப்பிடுவது தாய் மட்டும்தான்.

பன்னிரண்டு பேர் நின்றோம். நான் ஒரு உயரமான ஜெர்மன்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் வந்தாள். மெலிந்திருக்கிறாள், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். எல்லாருக்கும் பொன்ஜூர் சொல்லிக்கொண்டு ஆட்களை எண்ணிக்கொண்டு வந்தவள் ஒன்பதில் நின்றுவிட்டாள். ஒன்பதாவது நான். மூன்று விநாடி இருக்கும். பிறகு பத்து, பதினொன்று என்று எண்ணி முடித்து, இந்தப் பக்கம் வாருங்கள் என்று நடந்தாள். நானும் மற்றவர்களோடு நடந்தேன்.

கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணிக்கூட்டுக் கோபுரம் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு பலகையை நிமிர்த்தி வைத்தது மாதிரி ஒடுக்கம். அதன் மணி இன்னும் அடிக்கிறது. மேற்குக் கடைசியில் இருக்கும் வட்டக் கோபுரத்துக்குள் சிறையிருந்தவர்கள் சுவரில் கீறிய உருவங்கள் இருக்கின்றன, கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். மதில் ஓரமாக நின்றால் கீழே ஊரின் கறுத்த ஓட்டுக் கூரைகளும் ஆறும் பாலமும் தெரியும். இதையெல்லாம் நான் பிறகு தனியாகப் பார்த்தேன். அந்த ஒரு மணி நேரம் நான் பார்த்தது அவளைத்தான்.

அவள் கதைப்பதை நான் அதுவரை அவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டதே இல்லை. கைகளை ஆட்டிக் கதைக்கிறாள். ஆட்கள் சிரிக்கும் இடத்தில் நிறுத்தத் தெரிகிறது. லியோனிலிருந்து வந்த ஒரு அம்மா, "உன் பேச்சு கனடா மாதிரி இருக்கிறதே, குடும்பம் அங்கேயா?" என்று இடையில் கேட்டார். "அப்பா இருக்கிறார்" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமல். பிறகு குரலை உயர்த்தி, படியில் வழுக்கும், கவனம் என்றாள். அது எல்லாருக்குமாகச் சொன்னது. ஆனாலும் நான் கைபிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நடுக்கோட்டையில் ஒரு பெரிய மண்டபம் இருந்த இடம் உண்டு. இப்போது கூரையில்லை, ஒரு பக்கச் சுவரும் அதன் நடுவில் தொங்கும் நெருப்படுப்பும்தான் மிச்சம். ஒரு விவசாயியின் மகள், பின்னாளில் படையோடு போருக்குப் போனவள், தன் பதினேழு வயதில் அரசனைத் தேடி வந்த இடம் இந்தக் கோட்டைதான். அரசன் அவளைச் சோதிப்பதற்காகச் சாதாரண உடுப்போடு கூட்டத்துக்குள் ஒளிந்து நின்றானாம். அவள் ஒருவரையும் கேட்காமல் நேரே அவனிடம் போய் நின்றாளாம். அபிராமி இதைச் சொல்லும்போது நான் ஜெர்மன்காரருக்குப் பின்னால் நிற்கிறேன். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கதையை முடித்துவிட்டு, "இது இப்படியே நடந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்றாள். அடுத்த கோபுரத்துக்குப் போனோம்.

சுற்று முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆட்கள் கலைந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"நீங்க ஏன் சொல்லாம வந்தனீங்க?"

"சும்மா. கோட்டை பாக்க வந்தனான்."

"மொன்ட்ரியால்ல இருந்து?"

"ஓம். லீவு கிடைச்சது."

எவ்வளவு பெரிய மடையன் நான். கடல் கடந்து வந்து நின்றுகொண்டு வாயில் வந்தது அதுதான். உன்னைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல எனக்கு இன்னும் மனைவி தேவைப்பட்டாள்.

"அப்பா, இது என்ர வேலை. உங்களைக் கண்டவுடன எனக்கு என்ன சொல்லுறதெண்டே மறந்து போச்சு. ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம் தானே?" கோபமாகத்தான் சொன்னாள். கண்ணும் கலங்கியிருந்தது.

நான் கையோடு கொண்டுவந்திருந்த மிளகாய்த்தூள் பையை நீட்டினேன். வாங்கி மோந்து பார்த்தாள். "ஆர் இடிச்சது?"

"மொன்ட்ரியால்-நோர்ல ஒரு கடை. அம்மான்ர மாதிரி இராது."

அவள் பையைத் திரும்பக் கட்டினாள். "டிக்கெட் எடுத்தே வந்தனீங்க?"

"ஓம். பன்னிரண்டரை யூரோ."

"இங்க வேலை செய்யிற ஆக்களின்ர வீட்டாருக்குக் காசில்லை அப்பா. சீசன் தொடங்கேக்க பேர் எழுதிக் குடுப்பம். உங்கட பேர் அங்க கிடக்கு. போன வருசமும் எழுதினனான்."

அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வேலை முடிய, பேந்து பார்ப்போம் என்று போய்விட்டாள். மதியத்துக்குப் பிறகு அவளுக்கு இன்னும் இரண்டு சுற்று இருந்தது. நான் மதிலோரம் கிடந்த மர வாங்கில் இருந்தேன். போன வருடமும் எழுதியிருக்கிறாள். போன வருடம் இந்த நேரம் நான் வீட்டுக் குசினியில் பீன்ஸ் டின் உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பிள்ளை என்னை மறந்துவிட்டாள் என்று சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வேலை முடியும்வரை காத்திருக்கத் தைரியம் வரவில்லை. மூன்று மணிக்கு இறங்கிவிட்டேன். அன்று மாலை அந்த ஊரில் இருந்த தனிமை முதல் நாள் இருந்ததைவிடக் கூடுதல், ஏனென்றால் அது நானாகத் தேடிக்கொண்டது.

புதன் காலை மறுபடி ஏறினேன். லிஃப்டில். அதே கண்ணாடிக்காரப் பெண். "நான் அபியின் அப்பா. என் பெயர் உங்களிடம் இருக்கிறதாம்" என்றேன். அவள் ஒரு காகிதக் கோப்பைத் திறந்து விரலை ஓட்டினாள். பிறகு கோப்பை என் பக்கம் திருப்பி, "இதுதானா? என்னால் உச்சரிக்க முடியவில்லை" என்றாள். சிவஞானசுந்தரம். முழுதாக, ஓர் எழுத்து விடாமல், பிரெஞ்சு எழுத்தில், அபிராமியின் சாய்ந்த கையெழுத்தில். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக என் சட்டையில் சிவா என்றுதான் குத்தியிருக்கிறது. முழுப் பெயரை நானே கையெழுத்துப் போடும்போதுதான் எழுதுகிறேன்.

"ஆனால் புதனும் வியாழனும் அபிக்கு லீவு, அவளுக்குத் தெரியாதா நீங்கள் இன்று வருவது?" என்று கேட்டாள். "தெரியாது. நான் சொல்லவில்லை" என்றேன். அவள் டிக்கெட்டை அடித்துத் தந்தாள். விலை இருக்கும் இடத்தில் 0,00.

கூரையில்லாத மண்டபத்தில் அன்று ஒருவரும் இல்லை. மழைத் தூறல். அந்த நெருப்படுப்புக்குக் கீழே நின்று கைத்தொலைபேசியில் எழுதினேன். மகளுக்கு நானாக எழுதிய முதல் செய்தி: "இண்டைக்குப் பேர் சொல்லி உள்ள வந்தனான். நாளைக்கு 10.14 ரயில். கோட்டை பாக்க வரேல்ல, உன்னைத்தான் பாக்க வந்தனான்." அனுப்பும் இடத்தை அமத்த எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மாலைவரை பதில் இல்லை. ஆற்றங்கரையில் பாதிப் பாணை ஆற்றில் நீந்திய தாராக்களுக்குப் போட்டேன். ஏழரைக்கு ஒரே ஒரு வரி வந்தது. "தூர்ல எவ்வளவு நேரம் நிப்பீங்க?" அடுத்த ரயிலுக்கு இடையில் இருப்பதைக் கணக்குப் பார்த்து எழுதினேன். நாற்பத்திரண்டு நிமிடம்.

வியாழன் அவள் பிளாட்ஃபோமின் முனையிலே நின்றாள். கையில் இரண்டு கோப்பி. சீனி போட்டிருந்தாள், இரண்டு கரண்டி, நான் குடிப்பது போல. நிலையத்துக்குள் ஒரு வாங்கில் இருந்தோம். முதல் பத்து நிமிடம் காலநிலை பற்றிக் கதைத்தோம். பிறகு என் முழங்கால், அவளுடைய வீட்டு வாடகை. இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் இருக்கும் அளவு இடம் விட்டு இருந்திருக்கிறோம் என்பதை நான் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தேன். பழக்கம்.

"நீ அந்தக் கதை நல்லாச் சொன்னனீ" என்றேன்.

"எது?"

"ராசா ஒளிச்சு நிண்டது."

"அது நடந்ததோ தெரியாதெண்டு சொன்னனான் தானே அப்பா."

"நடந்திருக்கும். நீ எங்களை எண்ணேக்க ஒன்பதில நிண்டனீ."

சிரித்தாள். பிறகு அழுதாள். "அம்மா இருந்தா உங்களுக்கு ரெண்டு குடுத்திருப்பா" என்றாள். "ஓம், வாங்கியிருப்பன்" என்றேன். தொலைபேசியில் அன்று கேட்ட கேள்வி பிழை என்று சொல்லத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் பாரிஸ் ரயிலை அறிவித்தார்கள். பாதி வசனத்தோடு ஏறினேன். கண்ணாடிக்கு வெளியே அவள் கையைக் காதில் வைத்துக் காட்டினாள், ஃபோன் அடியுங்கோ என்று.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். செப்டெம்பர் நல்ல காலம், கூட்டம் குறைவு, ஆனால் குடை கொண்டு போங்கள். கோட்டைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், ஊருக்கு அரை நாள். லிஃப்டை மறக்கவேண்டாம். அங்கே உங்களுக்கு யாராவது இருந்தால் முதலே அறிவித்துவிட்டுப் போங்கள், டிக்கெட் எடுக்கும் இடத்தில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நான் நேற்று மே மாதத்துக்கு மறுபடி டிக்கெட் எடுத்தேன், எடுப்பதற்கு முன் அவளிடம் கேட்டுவிட்டு. திரும்பி வரும்போது தூரில் ரயில் மாறுவதற்கு இணையத்தில் பதினைந்து நிமிடத்திலிருந்து பல இடைவெளிகள் காட்டும். குறைந்ததை எடுக்காதீர்கள். நாற்பத்திரண்டு நிமிடம்கூடக் காணாது.